மினுக்கு மை விரலோடு வந்தபோது

தங்கச்சியின் கல்யாண உறைகளில் பெயர் எழுதப் பொன்னிற மை வேண்டியிருந்தது. மட்டக்களப்பு டவுனில் வாங்கிய மைக்கா தூளை, அதாவது மினுங்கும் கனிமத் தூளை, வெறும் தண்ணீரில் கலக்கினேன். கரையவா செய்யும்? கல்லுத்தூள், அடியில் மண்டியது. எழுதியதும் காய்ந்தபின் விரலோடு வந்துவிட்டது.

தூளைத் தாளில் ஒட்டவைக்கப் பசை இல்லாததுதான் குறை. வேலம்பிசின் ஒரு பங்கை இரண்டு பங்கு வெந்நீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, பழைய சாரத்துணியில் வடித்தேன். தூளை முதலில் பிசினோடு களிபோலக் குழைத்து, அப்புறம் சொட்டுச்சொட்டாகத் தண்ணீர். பால் பதம் வந்தால் சரி. பிசின் கூடினால் தொட்டெழுதும் பேனாவின் நிப்பில் நூல் இழுக்கும், மினுக்கமும் மங்கும்.

நம்மூர்ப் புழுக்கத்தில் பிசின் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு துளி கிராம்பு எண்ணெய் விட்டேன். தூரிகையால் கலக்கிக் கலக்கி நிப்பில் தடவித்தான் எழுதுகிறேன். மை நிரப்பும் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள், ஒன்றை அப்படித்தான் அடைத்தேன்.