குரோஷாவில் மணமக்கள்: ஒரு ஜோடி நோம் பொம்மைகள்

நோம் (மேற்கத்தியக் கதைகளில் வரும் கூம்புத் தொப்பிக் குள்ளன்) பொம்மைக்குக் கண் கிடையாது, வாயும் கிடையாது. தொப்பி, அதற்குக் கீழே ஒரு மூக்கு, அப்புறம் தாடி அல்லது ஜடை, அவ்வளவுதான் முகம். அதனால் உடல் பின்னுவதைவிடத் தொப்பியை உட்கார வைப்பதில்தான் கவனம் தேவை. மணமகளுக்கும் மணமகனுக்கும் உடல், மூக்கு, தொப்பி மூன்றும் ஒரே அளவுதான். கல்யாணக் களை வருவது நிறத்திலும் அலங்காரத்திலும்.

லேபிளில் 4 என்று போட்ட நடுத்தரத் தடிமன் அக்ரிலிக் நூல் வெள்ளையிலும் கறுப்பிலும் 50 கிராம் வீதம் போதும். இரண்டும் ஒரே பிராண்டாக இருக்கட்டும். தடிமன் கொஞ்சம் மாறினாலும் ஜோடியில் ஒருவர் குண்டாகிவிடுவார். தோல் நிறம், சாம்பல், பழுப்பு, பூவுக்கு ஒரு நிறம் எல்லாம் சிறிதளவு. 3 மி.மீ. குரோஷா ஊசி, பாலியஸ்டர் பஞ்சு 40 கிராம், ஸ்டிச் மார்க்கர், தையல் ஊசி, குண்டூசிகள், வெள்ளை நெட் துணி. வெள்ளையை முதலில் முடித்துவிடுங்கள். கறுப்பு நூலின் பிசிறு வெள்ளையில் ஒட்டினால் எடுப்பது கஷ்டம்.

பாவாடையும் பூவும் தவிர, பின்னல் முழுக்க அமெரிக்க முறையிலான சிங்கிள் குரோஷா. (பிரிட்டிஷ் பேட்டர்ன்களில் இதையே டபுள் என்பார்கள்.) ஒரு கண்ணியில் இரண்டு போடுவது கூட்டல், இரண்டை ஒன்றாக்குவது குறைத்தல். சுற்றுகளை இணைக்காமல் சுருளாகவே போகவும். ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் மார்க்கர் இருக்கட்டும்.

உடல்:
1: மேஜிக் ரிங்கில் (இழுத்து இறுக்கக்கூடிய நூல் வளையம்) 6
2: ஒவ்வொன்றிலும் கூட்டல் – 12
3 முதல் 6 வரை: சுற்றுக்கு 6 கூட்டல் – 18, 24, 30, 36
7: பின்னிழையில் (கண்ணியின் மேலுள்ள இரண்டு இழைகளில் பின்பக்கத்தது) மட்டும் – 36
8–16: 36
17: (4 கண்ணி, 1 குறைத்தல்) × 6 – 30
18–19: 30
20: (3, குறைத்தல்) × 6 – 24
21: 24
22: (2, குறைத்தல்) × 6 – 18
23: (1, குறைத்தல்) × 6 – 12
24: 6 குறைத்தல் – 6. நூலை இழுத்து மூடவும்.

ஏழாவது சுற்றில் பின்னிழையை மட்டும் எடுப்பதால்தான் அடிப்பாகம் தட்டையாக மடிகிறது. பஞ்சு அடைத்தால் அது மறுபடி உருண்டையாகி பொம்மை சாயும். அதனால் 16-ஆம் சுற்று முடிந்ததும் டப்பா மூடியிலிருந்து 5.5 செ.மீ. வட்டம் வெட்டி உள்ளே போடுங்கள். அதன் மேல், துணியில் முடிந்த 40 கிராம் கூழாங்கல். அரிசி, பருப்பு வேண்டாம், பூச்சி வரும். சின்னக் குழந்தை கையில் போகும் பொம்மையென்றால் கல்லையும் மூடியையும் விட்டுவிட்டுப் பஞ்சு மட்டும் அடையுங்கள்.

குறைக்கும்போது இரண்டு கண்ணிகளின் முன்னிழையை மட்டும் எடுத்தால் ஓட்டை விழாது. கறுப்பில் இது முக்கியம், உள்ளேயிருக்கும் வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்க்கும். அப்படியும் தெரிந்தால் ஊசியை 2.75-க்கு மாற்றுங்கள், ஆனால் கறுப்பு உடலை முழுதாக அதே ஊசியில் போட்டு வெள்ளையோடு அளந்து பாருங்கள். கறுப்பில் கண்ணி தெரியாமல் தவிப்பவர்கள் மடியில் வெள்ளைத் துணி விரித்துப் பின்னலாம்.

மணமகளின் பாவாடைக்கு, வெள்ளை உடலில் 13-ஆம் சுற்றையும் பின்னிழையில் போடவும். பஞ்சு அடைக்கும் முன் உடலைத் தலைகீழாகப் பிடித்து, மிஞ்சி நிற்கும் 36 முன்னிழைகளில் ஒவ்வொன்றிலும் அமெரிக்க முறையில் 2 டபுள் குரோஷா (72), அடுத்த சுற்றில் கண்ணிக்கு ஒன்று. நிமிர்த்திப் பிடித்துப் போட்டால் சுருக்கம் கீழே விழாமல் மேல்நோக்கி விரைத்து நிற்கும்.

தொப்பி: ரிங்கில் 6, அடுத்த சுற்று 6. மூன்றாவதிலிருந்து ஒற்றைப்படைச் சுற்றுகளில் மட்டும் 3 கூட்டல், இரட்டைப்படையில் அப்படியே: 9, 12, 15 என்று போய் 23-ஆம் சுற்றில் 39. 24-இல் 39-ஓடு முடிக்கவும். கூட்டல் எப்போதும் ஒரே இடத்தில் விழுந்தால் தொப்பி முக்கோணமாகிவிடும். இடத்தை ஒவ்வொரு முறையும் தள்ளிப் போடுங்கள். மணமகனுக்குக் கறுப்புத் தொப்பி, கடைசி 3 சுற்று வெள்ளைப் பட்டை. தட்டையான உயரத் தொப்பி வைக்க ஆசை வரும். அது பக்கத்திலிருக்கும் கூம்பைவிடக் குட்டையாகி, மாப்பிள்ளை பெண்ணின் தோளுக்கு வருவார். கூம்பே நல்லது.

மூக்கு: 6, 12, 12, 12, பிறகு 6. கெட்டியாக அடைக்கவும்.

தாடிக்கு 13 செயின் போட்டு 12 கண்ணி. ஒவ்வொன்றிலும் 12 செ.மீ. சாம்பல் நூல் இரண்டை மடித்து முடிச்சிடுங்கள். வேரை விரலால் பிடித்துக்கொண்டு கம்பிப் பிரஷ்ஷால் வாரினால் புசுபுசுவென்று விரியும். அக்ரிலிக்தான் இப்படி விரியும், பருத்தி விரியாது. ஜடைக்குப் பக்கத்துக்கு 9 பழுப்பு நூல், 16 செ.மீ. நீளம், மடித்து மூன்று பிரியாகப் பின்னவும்.

இப்போது பொருத்துவது. தாடியின் மேல் விளிம்பு, ஜடையின் வேர் இரண்டும் 18-ஆம் சுற்றில். மூக்கு 15–17 சுற்றுகளில், நடுவில். பிறகு தொப்பியைக் கவிழ்த்து, விளிம்பு மூக்கின் மேல்பாதியை அழுத்துமாறு குண்டூசி குத்தி, எட்டி நின்று பாருங்கள். தூக்கி வைத்தால் முகம் மொட்டையாகத் தெரியும், மிகவும் இறக்கினால் மூக்கு நசுங்கும். இரண்டு பொம்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, விளிம்பு ஒரே மட்டத்தில் வந்த பிறகே தையுங்கள். தொப்பி நுனியில் மட்டும் கொஞ்சம் பஞ்சு.

30 × 12 செ.மீ. நெட் துணியின் நீளப் பக்கத்தை 5 செ.மீ.க்குச் சுருக்கி, வெள்ளைத் தொப்பியின் பின்புறம் 14-ஆம் சுற்றில் தைத்தால் முக்காடு. நெட் பிரியாது, மடித்துத் தைக்க வேண்டியதில்லை. தரையில் படும் நீளத்தைக் கத்தரித்துவிடுங்கள். பூவுக்கு ரிங்கில் (2 செயின், 1 டபுள், 2 செயின், ஸ்லிப் ஸ்டிச்) × 5. நான்கு தொப்பி விளிம்புக்கு, மூன்று சேர்த்துக் கட்டினால் பூச்செண்டு, ஒன்று மாப்பிள்ளைக்கு. போ டை 7 கண்ணி, 4 வரிசை, நடுவில் நூல் சுற்றி இறுக்கியது. கழுத்தில் வைத்தால் தாடி மறைத்துவிடும், ஆகவே தாடியின் மேலேயே, மூக்குக்கு 2 செ.மீ. கீழே தைக்கவும்.