ஏஐ ஏஜென்ட்டுக்காக பிரவுசர் டூல் குறிப்பு எழுதும் முறை

பிரவுசரைத் தானாக இயக்க உதவும் பிளேரைட்டிலோ செலினியத்திலோ எழுதிய டூல் நம் கையில் ஒழுங்காக ஓடும். அதையே ஏஜென்ட்டிடம் (டூல்களைத் தானே கூப்பிட்டு வேலையை முடிக்கும் ஏஐயிடம்) கொடுத்தால் தப்பும் தவறுமாகக் கூப்பிடும். பெரும்பாலும் கோளாறு புரோகிராம் கோடில் இருக்காது, விளக்கத்தில்தான் இருக்கும். ஏஜென்ட் அந்தக் கோட் எதையும் பார்ப்பதில்லை. பெயர், விளக்கம், உள்ளீடுகள், திரும்பி வரும் பதில் ஆகியவற்றை வைத்தே அது முடிவெடுக்கிறது.

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்து ஷூ, தோல் கம்பெனிகளுக்காக ஒரு போர்ட்டலில் முகவரி நிரப்பும் டூல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "முகவரியை நிரப்பும்" என்ற ஒற்றை வரி போதாது. இப்படி எழுதுங்கள்:

"புது முகவரிப் பக்கத்தில் மாவட்டம், வட்டம், பின்கோடு மூன்றையும் நிரப்பும். சேமிக்காது, அதற்குத் தனி டூல் உண்டு. லாகின் ஆன பிறகே கூப்பிடவும். ஏற்கெனவே சேமித்த முகவரியைத் திருத்த இதைப் பயன்படுத்த வேண்டாம்."

எப்போது கூப்பிடக் கூடாது என்பதை எழுத மறந்துவிடாதீர்கள். ஒரே மாதிரி இரண்டு டூல் இருந்தால் ஏஜென்ட் சரியானதைத் தேர்ந்தெடுக்க அந்த வரிதான் உதவும்.

அதிகம் சறுக்குவது உள்ளீட்டில்தான். 2019இல் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. பழைய பில், லெட்டர்ஹெட்டில் "ஆம்பூர், வேலூர் மாவட்டம்" என்றே இருக்கும். ஏஜென்ட் அதை நம்பி வேலூரைத் தேர்வு செய்தால், அடுத்து வரும் வட்டப் பட்டியலில் ஆம்பூர் இருக்காது. உடனே கிட்டத்தில் உள்ள குடியாத்தத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு "முடிந்தது" என்று சொல்லிவிடும். அதனால் ஏற்கும் மதிப்புகளை வெளிப்படையாகப் பட்டியலிடுங்கள்: ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் மூன்றும் ராணிப்பேட்டை மாவட்டம், காட்பாடியும் குடியாத்தமும் வேலூர் மாவட்டம். சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருப்பதால் மாவட்டத்தையும் வட்டத்தையும் தனித்தனி உள்ளீடாக வையுங்கள். கூடவே, "பட்டியலில் இல்லாவிட்டால் நெருக்கமானதைத் தேர்வு செய்யாதே, பயனரிடம் கேள்" என்ற வரியும் வேண்டும்.

தமிழ் பக்கம் என்றால் இன்னொரு சிக்கல். ராணிப்பேட்டை சில இடங்களில் இராணிப்பேட்டை என்று இருக்கும். சோளிங்கரில் வரும் "சோ" யூனிகோடில் ஒரே உயிர்க்குறியாகவும் வரலாம், இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஒப்பிட்டால் பொருந்தாது. டூல் இருபக்கத்தையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். முடிந்தால் எழுத்தை விட்டுவிட்டு, டிராப்டவுனின் உள்மதிப்பை வைத்தே தேர்வு செய்யுங்கள்.

காத்திருப்பதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். பிளேரைட் லைப்ரரி ஒரு க்ளிக்குக்கு இயல்பாக 30 விநாடி வரை காத்திருக்கும். செலினியத்தில் பக்கத்தில் உள்ள ஓர் உறுப்பை (பட்டன், பெட்டி போன்றவை) தேடும்போது இயல்பான காத்திருப்பு பூஜ்யம். மாவட்டம் மாறி வட்டப் பட்டியல் வந்து சேரும்வரை டூலே காத்திருக்கிறது என்று எழுதிவிட்டால், ஏஜென்ட் வீணாக மறுபடி மறுபடி கூப்பிடாது. பிளேரைட்டை ஏஜென்ட்டுக்கு டூலாகத் தரும் பிளேரைட் எம்சிபி போன்றவை, பக்கத்தின் ஸ்னாப்ஷாட்டில் (அந்த நேரத்தில் பக்கத்தில் உள்ளவற்றின் பட்டியல்) ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு குறியெண் தரும். பக்கம் மாறினால் பழைய எண்ணை நம்ப முடியாது, புது ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டும். இதையும் குறிப்பில் சேருங்கள்.

எரரில் "தோல்வி" என்று மட்டும் திருப்பாதீர்கள். அடுத்து என்ன செய்வது என்பதும் அதிலேயே இருக்கட்டும். பட்டன் தெரியவில்லையா, ஒருமுறை மட்டும் மீண்டும் முயற்சி செய். லாகின் காலாவதியா, லாகின் டூலைக் கூப்பிடு. ஓடிபி அல்லது கேப்சாவா, நிறுத்திவிட்டு மனிதரிடம் கொடு. எல்லாவற்றிலும் ஆபத்தானது, சேமி பட்டனை அழுத்திய பின் வரும் டைம்அவுட். சர்வர் ஏற்கெனவே பதிவு செய்திருக்கலாம். மறுபடி அழுத்தினால் இரட்டைப் பதிவு. "முதலில் பட்டியல் பக்கத்தைப் பார், பதிவு இல்லையென்றால் மட்டும் அனுப்பு" என்று அந்த எரரிலேயே எழுதுங்கள். வெறுமனே படிக்கும் டூல் எது, எதையாவது மாற்றும் டூல் எது என்பதும் விளக்கத்தின் முதல் வரியிலேயே தெரிய வேண்டும்.

பதிலாக முழு எச்டிஎம்எல்லையும் கொட்டாதீர்கள். ஏஜென்ட்டை இயக்கும் மாடல் ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய இடம் அதிலேயே தீர்ந்துவிடும். நிரப்பிய மூன்று மதிப்பையும் பக்கத்திலிருந்து திரும்பப் படித்துக் கொடுத்தால் போதும். பக்கத்தில் இருக்கும் எழுத்து வெறும் தகவல், கட்டளை அல்ல என்பதை டூல் தொகுப்பின் தலைப்பிலேயே போடுங்கள். உதாரணங்களில் நிஜ பாஸ்வேர்ட் வேண்டாம்.

எழுதி முடித்ததும், பழைய உரையாடல் எதுவும் இல்லாத புது செஷனில் குறிப்பை மட்டும் கொடுத்து, "வாணியம்பாடி குடோன் முகவரியைச் சேர்" என்று சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். மாவட்டத்தை விட்டுவிட்டும், வேண்டுமென்றே தப்பான மாவட்டத்தைச் சொல்லியும் பாருங்கள். லாகில் (ஏஜென்ட் செய்தவற்றின் பதிவில்) ஏஜென்ட் எங்கே ஊகித்ததோ, அங்கே குறிப்பில் ஒரு வரி குறைகிறது. போர்ட்டல் மாறி கோடைத் திருத்தினால், அதே கமிட்டில் விளக்கத்தையும் திருத்துங்கள்.