யூரிக் அமிலத்துக்குப் பின்னால் இன்சுலின்

ரத்த டெஸ்டில் எனக்கு யூரிக் அமிலம் கூடி 8.4 என்று வந்ததும், கறியையும் பருப்பையும் நிறுத்தச் சொல்லாதவர் கிருஷ்ணகிரியில் பாக்கியில்லை. நிறுத்தியும் பெரிதாக இறங்கவில்லை. அப்புறம் பார்த்த டாக்டர் என் தொப்பையையும் சர்க்கரை அளவையும் பார்த்து வேறு காரணம் சொன்னார். உடம்பு இன்சுலினுக்கு மசியாதபோது ரத்தத்தில் இன்சுலின் கூடும். அது கூடினால் சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியே தள்ளாமல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். போதாததற்கு, பழத்திலும் சர்க்கரையிலும் இருக்கும் ஃபிரக்டோஸ் என்ற இனிப்பு கல்லீரலில் உடையும்போதே யூரிக் அமிலம் உண்டாகுமாம். மாங்கூழ் ஆலைகள் நிறைந்த ஊரில் இதைக் கேட்பது கொடுமை!

பாட்டில் மாம்பழ ஜூஸையும் டீக்குச் சர்க்கரையையும் விட்டேன். ராத்திரிச் சோறு பாதியானது. களியும் அளவோடுதான், ராகியும் மாவுச்சத்துதானே. சாப்பிட்டதும் நடை. எடை மெல்ல இறங்கியது, கடைசி டெஸ்டில் 5.9. இதற்காகச் சாப்பிடும் மாத்திரையை டாக்டர் சொல்லும்வரை நிறுத்தப்போவதில்லை.