புல்தரைக்கு ஒரு கணக்கு, மரத்துக்கு வேறு கணக்கு

ஒரே முற்றத்தில் அடுத்தடுத்து நின்றாலும் புல்லும் மரமும் ஒரே விதமான பராமரிப்பைக் கேட்பதில்லை. புல்லின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குள் அடங்கிவிடும். மரத்தின் நீர் உறிஞ்சும் வேர்களோ மேல்மண்ணிலேயே பக்கவாட்டில் ஓடி, கிளைகள் கவிந்திருக்கும் எல்லையையும் தாண்டிப் பரவியிருக்கும். இரண்டுக்கும் ஒரே குழாயைத் திறந்து ஒரே நேரத்தில் மூடுகிறவர்களின் தோட்டத்தில், நாள்தோறும் நனைந்த புல் நோயில் விழுவதையும், அதன் நடுவே நிற்கும் மரம் கோடையில் இலை கருகுவதையும் சேர்த்தே காணலாம்.

வளர்ச்சிப் பருவத்தில் புல்தரைக்கு மழையையும் சேர்த்து வாரத்துக்கு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீர் போதும். அதை அளப்பதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. பக்கங்கள் செங்குத்தாக உள்ள நான்கைந்து தகர டப்பாக்களைப் புல்தரையில் ஆங்காங்கே வைத்து, தெளிப்பானை 20 நிமிடம் ஓடவிட்டு, தேங்கிய நீரை அளவுகோலால் அளந்து பாருங்கள். 5 மில்லிமீட்டர் தேங்கியிருந்தால் வாரத்துக்கு 100 நிமிடம் என்று கணக்காகிறது. அதை இரண்டு நாள்களாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு டப்பாவில் மிகுதியாகவும் மற்றொன்றில் குறைவாகவும் நீர் இருந்தால், புல்தரையில் திட்டுத் திட்டாகத் தெரியும் மஞ்சளுக்குக் காரணம் உரக்குறைவாக இல்லாமல் தெளிப்பானின் கோணமாகவே இருக்கக்கூடும். களிமண் நிலத்தில் நீர் வழிந்தோடத் தொடங்கியதும் நிறுத்தி, அரை மணி நேரம் கழித்து மீண்டும் விட வேண்டும். பாய்ச்சுவதற்கு அதிகாலையே ஏற்ற நேரம். மாலையில் நனையும் இலை இரவு முழுவதும் ஈரமாக இருப்பது பூஞ்சைக்கு வசதியாகிவிடும். நடந்து சென்ற காலடித் தடம் உடனே நிமிராமல் அப்படியே கிடந்தால், புல் தாகமாக இருக்கிறது என்று பொருள்.

வேரூன்றிய பெரிய மரத்துக்கு இப்படி வாராவாரம் நீர் தேவையில்லை. மழையற்ற நாள்கள் நீளும்போது மட்டும், கிளைகள் கவிந்திருக்கும் எல்லையை ஒட்டிய வட்டத்தில், குழாயை மெல்லிய ஒழுக்காக விட்டு, மண் ஒரு சாணுக்கு மேல் நனையும்வரை பாய்ச்ச வேண்டும். நீளமான திருப்புளி ஒன்றை மண்ணில் அழுத்திப் பார்த்தால் ஈரம் எட்டிய ஆழம் வரை அது எளிதாக இறங்கும்; காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். புதிதாக நட்ட கன்று இதற்கு விலக்கு: அதன் வேர் இன்னும் நட்ட மண்கட்டிக்குள்ளேயே இருப்பதால், முதல் சில மாதங்களுக்கு அடிமரத்தை ஒட்டியே நீர் ஊற்ற வேண்டும்.

புல்லை வெட்டும்போது அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே முறையில் எடுக்கக் கூடாது. 6 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்திருக்க விரும்பினால், 9 சென்டிமீட்டரைத் தொடும்போதே வெட்டிவிட வேண்டும். வெப்பம் ஏறும் மாதங்களிலும் மர நிழலிலும் உயரத்தைச் சற்றுக் கூட்டிவிட்டால், நீண்ட இலை மண்ணை மூடி ஈரத்தைக் காக்கும். வெட்டிய மறுநாள் குனிந்து ஒரே ஒரு இலையின் நுனியைப் பாருங்கள். நேராக அறுபட்டிருந்தால் கத்தி கூராக இருக்கிறது. வெள்ளை நார்களாகக் கிழிந்திருந்தால் கத்தி மழுங்கிவிட்டது. அந்த நார்கள் பழுப்பாகும்போது தூரத்திலிருந்து நீர்ப்பற்றாக்குறைபோலத் தெரியும். நாமும் தேவையில்லாமல் தண்ணீரைக் கூட்டுவோம். வெட்டிய துணுக்குகளை அப்படியே விட்டுவிட்டால் அவை மக்கித் தழைச்சத்தை மண்ணுக்குத் திருப்பித் தரும். உரத்தைப் பொறுத்தவரை, புல் வளரும் பருவத்தில் மட்டும் இடுங்கள். கடும் வறட்சியிலும் குளிர் உறக்கத்திலும் இடுவது வீண்.

மரத்தடியில் புல் வளர்க்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடுவது நல்லது. அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்துக்காவது புல்லை நீக்கி, காய்ந்த இலையோ மரச்சீவலோ 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்காகப் பரப்பலாம். புல்வெட்டும் கருவியின் நைலான் கயிறு பட்டையை உரிக்கும் ஆபத்தும் இதனால் நீங்கும். பட்டையைச் சுற்றிலும் வளையமாகச் சிதைத்துவிட்டால் மரமே பட்டுப்போகும். மூடாக்கு மரத்தைத் தொடாமல் ஒரு கையகலம் விலகியிருக்க வேண்டும். நான் ஒரு முறை இளமரம் ஒன்றுக்கு அன்பு மிகுந்து கூம்பாகக் குவித்து வைத்தேன். அடுத்த மழைக்காலம் முடிந்து கிளறியபோது பட்டை ஊறி, விரலால் அழுத்தினால் உள்ளே போயிற்று.

கவாத்தில், அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்குவதில், கவனிக்க வேண்டிய இடம், கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் சற்றே புடைத்திருக்கும் வளையம். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷிகோ, ஏராளமான மரங்களை அறுத்து ஆராய்ந்து, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது என்பதை விளக்கினார். அந்தப் புடைப்பைச் சேதப்படுத்தாமல் அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். வெட்டுவாயில் சாயமோ தாரோ பூசத் தேவையில்லை. கனத்த கிளையானால், முதலில் ஒன்றரைச் சாண் தள்ளி அடியிலிருந்து கொஞ்சம் அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுதாக வெட்டி இறக்கிவிட்டு, மிஞ்சிய குச்சியைக் கடைசியாக எடுங்கள். இல்லாவிட்டால் கிளை தன் பாரத்திலேயே முறிந்து, பட்டையை நெடுக உரித்துக்கொண்டு விழும்.

புதர்ச்செடிகளில் பருவம் தவறினால் செடி பிழைத்துக்கொள்ளும், பூ போய்விடும். சென்ற ஆண்டுக் கிளையில் பூப்பவற்றைப் பூ முடிந்த உடனேயும், செம்பருத்திபோலப் புதுத்துளிரில் பூப்பவற்றை வளர்ச்சி தொடங்குவதற்கு முன்பும் வெட்ட வேண்டும். அடர்ந்து முதிர்ந்துபோன, பல தண்டுகள் கொண்ட புதரானால், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு முதிர்ந்த தண்டுகளைத் தரைமட்டத்தில் நீக்கிவர, மூன்றாம் ஆண்டில் செடி முழுவதும் புதிதாகிவிடும். உயிர்வேலியின் அடி, உச்சியைவிடச் சற்று அகலமாக இருந்தால்தான் கீழ் இலைகளுக்கும் வெயில் கிடைக்கும்.

மழைக்காலத்தில் செய்ய வேண்டியதைவிடச் செய்யக் கூடாததே மிகுதி. சொதசொதவென்று ஊறிய புல்தரையில் நடந்தால் மண் இறுகி, வேருக்குக் காற்று கிடைக்காமல் போகும். ஈரம் சற்று வடிந்து, புல் மறுபடி வேகமெடுக்கும் நாள்களில், இறுகிய இடங்களைத் தோட்ட முள்கரண்டியால் ஒரு விரல் நீளத்துக்குக் குத்தித் துளைத்து, சலித்த மக்கு உரத்தை மெல்லியதாகத் தூவிவிடலாம். இலையுதிர்வின்போது விழும் சருகை, மெல்லிய அடுக்காக இருந்தால் வெட்டும் இயந்திரத்தாலேயே நொறுக்கிப் புல்லுக்குள் விட்டுவிடுங்கள். புல் தெரியாத அளவுக்கு மூடியிருந்தால் வாரியெடுத்து மரத்தடி வட்டத்தில் போடுங்கள்.