கறுப்பின வரலாற்றை நம்மூர் நூலகத்தில் பேச

கோத்தகிரியிலோ குன்னூரிலோ வாசகர் வட்டத்தில் கறுப்பின வரலாறு பேசப் போகிறீர்களா? இருபது பேர், ஒன்றரை மணி நேரம், ஒரு கரும்பலகை போதும்.

அடிமை வணிகத்தில் தொடங்காதீர்கள். கறுப்பின மக்கள் அடிபட்டவர்களாக மட்டுமே மனதில் பதிந்துவிடுவார்கள். அதை மாற்றுவது கடினம். அமெரிக்க வரலாற்றாசிரியர் கார்ட்டர் உட்சனில் தொடங்குங்கள். அடிமைகளாக இருந்த பெற்றோரின் மகன், நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர், ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். பள்ளிப் பாடம் தம் மக்களை விட்டுவிட்டதால் 1926 பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடங்கினார். 1976இல் அது மாதமாக விரிந்தது.

அடுத்து இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இருந்த எட்வர்ட் கோல்ஸ்டன் சிலை. இதற்கு அரைமணி நேரம் தாராளமாகக் கொடுங்கள். அடிமை வணிகத்தில் பணம் சேர்த்த அவர் இறந்தது 1721இல். சிலை வைத்தது 1895இல். இரண்டு ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதி, 174 வருடம் கழித்து யாருக்கு இந்தச் சிலை தேவைப்பட்டது என்று கேளுங்கள். பீடத்துக் கல்வெட்டு அவரை நற்பண்பாளர் என்றது; அடிமைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சிலைக்கு வைக்கும் புதிய விளக்கப் பலகையில் என்ன எழுதுவது என்ற சர்ச்சை முடியாமலே இழுத்தது. 2020 ஜூன் 7 அன்று நிறவெறியை எதிர்த்துத் திரண்ட கூட்டம் சிலையைச் சாய்த்து, உருட்டிப்போய்த் துறைமுகத் தண்ணீரில் தள்ளியது. இப்போது அது அருங்காட்சியகத்தில், போராட்டக்காரர்கள் பூசிய சாயத்தோடே கிடக்கிறது.

இதற்குப் பிறகுதான் நம் மலை. ஊட்டியின் கதையை ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவனில் தொடங்கினால் தோடர், கோத்தர், படகர், இருளர், குறும்பர் எங்கே? 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து தேயிலை பறித்தவர்கள் எங்கே?

“சாதியும் நிறவெறியும் ஒன்றுதானே” என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். தடுக்க வேண்டாம், ஓர் ஒற்றுமை, ஒரு வேற்றுமை, இரண்டுக்கும் சான்று கேளுங்கள்.