நுண்கணிதத்தில் மார்க் போகும் இடங்கள்

பிளஸ் டூ கணக்கில் மொத்தம் 12 பாடம். அதில் 7 முதல் 10 வரை நான்கும் நுண்கணிதம்தான். பிளஸ் ஒன்னில் படித்த எல்லை, வகையிடல், தொகையிடல் மூன்றும் கைவசம் இருந்தால்தான் இந்த நான்கும் ஓடும். சூத்திரம் தெரியாமல் மார்க் போவது குறைவு என்றே நினைக்கிறேன். சூத்திரம் நன்றாகத் தெரியும். அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று பார்க்காமல் போடுவதில்தான் போகிறது.

வகையிடலுக்கு ‘அடுக்கை இறக்கு, ஒன்றைக் குறை’ என்று டியூஷனில் பாட்டாகவே சொல்லிக்கொடுப்பார்கள். வசதிதான், வம்பும் அங்கேதான். அடுக்கு மாறிலியாக இருந்தால் மட்டுமே இது செல்லும். 2^எக்ஸ் வந்தாலும் அதே கையோடு எக்ஸை இறக்கிவிடுகிறார்கள். சரியான விடை 2^எக்ஸ் × மடக்கை 2 (மடக்கையின் அடிமானம் இ). எக்ஸ்^எக்ஸ் என்றால் இரண்டு வழியும் செல்லாது, இருபுறமும் மடக்கை எடுத்தே ஆக வேண்டும். தொகையிடலில் அடுக்கு −1 ஆனால் 0-ஆல் வகுக்க நேரும். அதனால்தான் 1/எக்ஸ்-க்கு மட்டும் மடக்கை |எக்ஸ்| என்று தனி விடை.

பெருக்கலில் உள்ள இரண்டு சார்புகளைத் தனித்தனியே வகையிட்டுப் பெருக்கிவிடுவது பழைய வழக்கம். நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்சே 1675 நவம்பரில் எழுதிய குறிப்புகளில் அப்படிச் செய்யலாமா என்று யோசித்து, ஆகாது என்று கண்டுகொண்டவர்தான். சந்தேகம் வந்தால் எக்ஸ் × எக்ஸ் போட்டுப் பாருங்கள்: தவறான வழியில் 1 வரும், சரியான விடை 2எக்ஸ்.

மேலேயும் கீழேயும் தனித்தனியே வகையிட்டு எல்லை காணும் லோபிதால் விதி 0/0, ∞/∞ வடிவங்களுக்கு மட்டும். எக்ஸ் 0-ஐ நெருங்கும்போது (எக்ஸ் + 1)/(எக்ஸ் + 2)-இன் எல்லை, நேராகப் பிரதியிட்டாலே 1/2. யோசிக்காமல் விதியைப் போட்டால் 1 வந்து நிற்கும்.

தொகையிடல் மாறிலி ‘சி’யை விட்டால் அரை மார்க்தானே என்று பலருக்கு நினைப்பு. வகைக்கெழுச் சமன்பாட்டில் கணக்கே கவிழ்ந்துவிடும். டிஒய்/டிஎக்ஸ் = ஒய் என்பதை எடுத்துக்கொள்வோம். மாறிகளைப் பிரித்துத் தொகையிட்டால் மடக்கை |ஒய்| = எக்ஸ் + சி. மாறிலி இந்த வரியிலேயே வந்தாக வேண்டும். அப்போதுதான் அது அடுக்கோடு சேர்ந்து பெருக்கலாக மாறி, ஒய் = கே × இ^எக்ஸ் என்று முடியும். மறந்துபோய்க் கடைசி வரியில் ஒட்டவைத்தால் ஒய் = இ^எக்ஸ் + சி ஆகிவிடும். இதை வகையிட்டால் இ^எக்ஸ் மட்டும்தான் வரும், ‘சி’ காணாமல் போகும். அது 0 ஆக இருந்தாலொழிய சமன்பாடு பொருந்தாது. விடையைத் திரும்ப வகையிட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும். ஆனால் தேர்வறையில் அதைச் செய்கிறவர்கள் குறைவு.

வரையறுத்த தொகையிடலில் பிரதியிட்டால் எல்லைகளையும் மாற்ற வேண்டும். 2எக்ஸ்(எக்ஸ்² + 1)³ என்பதை 0 முதல் 2 வரை தொகையிடும்போது யு = எக்ஸ்² + 1 என்று வைத்தால், யு ஓடுவது 1 முதல் 5 வரை. விடை (625 − 1)/4 = 156. பழைய எல்லைகளையே வைத்துக்கொண்டால் வெறும் 4.

1/எக்ஸ்²-ஐ −1 முதல் 1 வரை தொகையிடச் சொன்னால் சூத்திரம் −2 என்று கொடுக்கும். எங்குமே எதிர்மறையாகாத சார்புக்கு எதிர்மறை விடை எப்படி வரும்? நடுவில் எக்ஸ் = 0-இல் சார்பு வரையறுக்கப்படவே இல்லை, தொடர்ச்சி அறுந்துவிட்டது. இந்தச் சூத்திரத்தைத் தரும் நுண்கணித அடிப்படைத் தேற்றத்துக்குத் தேவையான நிபந்தனையே அங்கே இல்லை. விடையின் குறியைப் பார்த்ததுமே உறுத்த வேண்டும்.

பெருமம், சிறுமம் கணக்கில் வகைக்கெழு 0 ஆகும் புள்ளிகளோடு நிறுத்திவிடுகிறார்கள். மூடிய இடைவெளி என்றால் முனைகளையும் சோதிக்க வேண்டும். எக்ஸ்³ − 3எக்ஸ்-க்கு [−2, 3] இடைவெளியில் மீப்பெரு மதிப்பு, வகைக்கெழு 0 ஆகும் −1-இல் வரும் 2 இல்லை. முனையான 3-இல் வரும் 18.

பரப்புக் கணக்கு என்றால் படம் போடாமல் இறங்காதீர்கள், அச்சுக்குக் கீழே போகும் பகுதி எதிர்மறையாக வந்து மேல்பகுதியை அழித்துவிடும். சைன் வளைவை 0 முதல் 2பை வரை தொகையிட்டால் கிடைப்பது 0. வளைவு பை-யில் அச்சை வெட்டுகிறது, இரு பக்கமும் பரப்பு 2, 2. தொகையீட்டின் மதிப்பைக் கேட்டால் 0 என்று எழுதுங்கள், பரப்பைக் கேட்டால் 4.