12 விநாடியில் செத்த வில்லனும், மூன்று வளையல் வட்டியம்மாவும்

பகடை உருட்டிக் கதையாகவே ஆடுகிற ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில், எங்கள் கதையின் முதல் வில்லன் மொத்தம் 12 விநாடிதான் உயிரோடு இருந்தான். அவனுடைய குலம் கோத்திரம் எல்லாம் மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியிருந்தேன். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மதகுருவாக ஆடிய என் அத்தை மகள் முதல் ரவுண்டிலேயே ‘ஹோல்ட் பெர்சன்’ மந்திரத்தைப் போட்டாள். தப்பிக்க இருபது பக்கப் பகடையில் 11 விழ வேண்டும். விழுந்தது 4. உறைந்து நின்றவனை 5 அடிக்குள் நின்று அடித்தால், படுகிற ஒவ்வொரு அடியும் கிரிட்டிகல், அதாவது சேதப் பகடை இரட்டிப்பு. மற்ற மூன்று பேரும் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு ரவுண்டு என்பது கதைக்குள் 6 விநாடி; இரண்டாம் ரவுண்டில் ஆள் காலி. “இன்னாடா, இவ்ளோதானா?” என்றான் திருடனாக ஆடுகிற நண்பன்.

இந்த ஆட்டத்தின் 5ஆம் பதிப்பில் புதிதாக டிஎம் (கதையை நடத்தி, வில்லனாகவும் ஆடுகிறவர்) ஆகியிருப்பவர்களுக்கு இந்த அவமானம் வேண்டாமே என்றுதான் எழுதுகிறேன். அடுத்து நான் செய்த வில்லியையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

படி 1: வில்லிக்கு ஒரு வேலை கொடுங்கள்

“ஹீரோக்களைக் கொல்வது” வேலை ஆகாது. சண்டை நடக்கும்போதே அவள் வேறு எதையோ முடிக்கப் பார்க்க வேண்டும்.

காசிமேட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் என்பதால் எனக்குக் கதைக்களம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் கையில் காசு சுழலாத குடும்பங்கள் கடன் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதை மந்திர உலகத்துக்கு மாற்றினேன்: வருடத்தில் இரண்டு மாதம் காற்றே வீசாத ஒரு துறைமுகம். அங்கே ஒருத்தி காற்றைக் கடன் கொடுக்கிறாள். வட்டியாகக் குரலை எடுத்துக்கொள்கிறாள். ஊரில் அவளுக்குப் பெயர் வட்டியம்மா.

அவள் வேலை: வசூலித்த குரல்களோடு, ஓதம் ஏறியதும் படகில் தப்பிப்பது. ஐந்தாம் ரவுண்டில் படகு மிதக்கும். அதுவரை தாக்குப்பிடித்தால் அவளுக்கு வெற்றி.

கேரம் ஆடுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். சிவப்பைப் போட்டால் மட்டும் போதாது, ஃபாலோவும் விழ வேண்டும்.

படி 2: முன்பே முகம் காட்டுங்கள்

முதல் தடவை பார்க்கும் ஆளை யாரும் வெறுக்க மாட்டார்கள். வடசென்னைக் குத்துச்சண்டையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகள் உண்டு. ஆள் மேடை ஏறும் முன்பே அவன் எந்தப் பரம்பரை என்பது கூட்டத்துக்குத் தெரியும், பாதிச் சூடு அதிலேயே ஏறிவிடும். உங்கள் வில்லிக்கும் அந்தச் சூடு வேண்டும்.

முதல் வாரம், பேச்சு வராத மீன்காரம்மா ஒருத்தரைக் காட்டினேன். கையால் விரல்விட்டு விலை சொல்லுவார். அதற்கு முன் அவர் வாய்க்குத் துறைமுகமே பயப்படும் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்வார். இரண்டாம் வாரம், விடியற்காலை ஏலத்தில் ஒரு பெண்மணி நலம் விசாரிக்கிறாள். கரகரத்த, உப்புக்காற்று ஏறிய குரல். அது யார் குரல் என்று யாரோ சொன்னதும் மேசையில் ஒரு அமைதி வந்தது பாருங்கள், அதுதான் டிஎம்முக்குச் சம்பளம்.

ஒரு எச்சரிக்கை. முதல் சந்திப்பிலேயே கத்தி எட்டும் தூரத்தில் வில்லியை நிறுத்தாதீர்கள், எடுத்து வீசிவிடுவார்கள். கால்வாய்க்கு அக்கரையிலோ கல்யாணப் பந்தியிலோ உட்கார வையுங்கள்.

இன்னொன்று, இது என் சொந்தக் கோபம். வடசென்னைப் பேச்சு என்றாலே ரவுடி என்று காட்டிக் காட்டி எங்களுக்கு அலுத்துவிட்டது. எங்கள் மேசையில் ஹீரோக்கள்தான் “இன்னா நைனா” என்பார்கள். வட்டியம்மா சுத்தமான தமிழில் “தவணைத் தேதி இன்றில்லையே, தம்பி” என்பாள். அந்த மரியாதைதான் பயமே.

படி 3: கணக்கைச் சரிசெய்யுங்கள்

நான்கு பேர் நான்கு முறை அடித்தால் வில்லிக்கு ஒரு முறைதான் வரும். என் முதல் வில்லன் செத்தது இதனால்தான். ஹெச்.பி.யை, அதாவது உயிர்ப் புள்ளிகளை, 65இலிருந்து 200 ஆக்கலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். கல்லில் துணி அடிப்பதுபோல் அடித்துக்கொண்டே இருப்பார்கள், பாதியில் ஒருவர் போனை எடுப்பார்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. அடிப்படை விதித்தொகுப்பை 2023இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே விட்டார்கள். அதிலுள்ள ‘பேண்டிட் கேப்டன்’ (கொள்ளைக் கூட்டத் தலைவன்) தாளை எடுத்தேன்: ஏசி (அடி படுவதற்குப் பகடையில் எட்ட வேண்டிய எண்) 15, ஹெச்.பி. 65, ஒரு முறைக்கு மூன்று அடி. மூன்றாம் லெவல் ஆட்கள் நான்கு பேருக்குச் சரியாக வரும். கூடவே தலா 11 ஹெச்.பி. உள்ள நான்கு அடியாட்கள், இரண்டு பேர் முதலிலிருந்து, இரண்டு பேர் இரண்டாம் ரவுண்டில். இரண்டு மந்திரங்கள்: மூடுபனி கிளப்பும் ‘ஃபாக் கிளவுட்’, இடி அலை வீசும் ‘தண்டர்வேவ்’. பின்னது 10 அடி தள்ளிவிடும், தண்ணீர் ஓரத்தில் அதற்கு மதிப்பே தனி.

பெரிய டிராகன்களுக்கு மற்றவர்கள் முறை முடிந்ததும் இடையில் புகுந்து செய்யும் ‘லெஜண்டரி ஆக்‌ஷன்’ மூன்று இருக்கும். வட்டியம்மாவுக்கு ஒன்றே ஒன்று கொடுத்தேன்: ரவுண்டுக்கு ஒரு தடவை, யாராவது முறையை முடித்ததும் 15 அடி நகரலாம். அவளைச் சுற்றிவளைக்க முடியாமல் போனது அதனால்தான்.

படி 4: ‘ஹோல்ட் பெர்சன்’னுக்கு ஒரு பதில்

‘லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ்’ என்றொரு விதி உண்டு. சேவிங் த்ரோ (மந்திரத்திலிருந்து தப்பிக்கப் போடும் பகடை) தோற்றாலும் ஜெயித்ததாக டிஎம் அறிவிக்கலாம், பெரும்பாலும் நாளைக்கு மூன்று முறை. விதி நல்ல விதிதான், ஆனால் மந்திரம் போட்டவருக்குக் கடுப்பாகும். முறையும் போச்சு, மந்திரமும் போச்சு, கிடைத்தது ஒன்றுமில்லை.

அதனால் அதை எல்லாரும் பார்க்கும்படி மாற்றினேன். வட்டியம்மா கையில் மூன்று சங்கு வளையல்கள். ஒவ்வொன்றிலும் ஊர்க்காரர் ஒருவரின் குரல் அடைபட்டிருக்கிறது. ஒரு மந்திரத்தை மீற ஒரு வளையலை உடைப்பாள். உடைந்ததும் அந்தக் குரல் உரியவரிடம் திரும்பிப் போய்விடும். மூன்றும் உடைந்தால் அவளுக்குப் பேச வாயே இல்லை. அந்த இரண்டு மந்திரங்களையும் வாய்விட்டுச் சொன்னால்தான் பலிக்கும், அதனால் அவையும் போச்சு.

தோற்ற மந்திரத்துக்கும் இப்போது ஒரு லாபம் இருக்கிறது. இரண்டாவது வளையல் உடைந்ததும், சண்டை நடந்த கொட்டகைக்கு வெளியிலிருந்து மீன்காரம்மா நான்கு மாதத்து வசவையும் சேர்த்து வைத்துத் திட்ட ஆரம்பித்தார். அதை முழுசாக நடித்தேன். இங்கே எழுத முடியாது.

படி 5: தரை சும்மா இருக்கக் கூடாது

இனிஷியேட்டிவ் (யார் முறை எப்போது என்ற வரிசை எண்) 20 வரும்போதெல்லாம் இடத்தில் ஏதாவது மாறட்டும். எனக்கு ஓதம். முதல் ரவுண்டில் கணுக்கால். இரண்டில் முழங்கால், வேகம் பாதி. மூன்றில் இடுப்பளவு, ஐஸ் பெட்டிகள் மிதக்கும், அதன் மேல் ஏறி ஓடலாம். நான்கில் படகுச் சங்கிலி இழுபடும். ஐந்தில் கிளம்பிவிடும்.

வரைபடத்துக்குச் சாக்பீஸ் போதும். ஆட்களுக்குக் கேரம் காய்கள், வில்லிக்குச் சிவப்பு.

படி 6: தனியாக ஒரு தடவை ஆடிப் பாருங்கள்

முந்தைய இரவு நீங்களே இரண்டு பக்கமும் பகடை போட்டு மூன்று ரவுண்டு ஓட்டுங்கள், அரை மணி நேரம் போதும். நான் ஆடியபோது அடியாட்கள் ஆறு பேர். மதகுரு இரண்டாம் ரவுண்டிலேயே விழுந்துவிட்டாள், அதனால்தான் நான்காகக் குறைத்தேன்.

வில்லி தப்பித்தால் என்ன ஆகும் என்பதையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். எங்களிடம் தப்பித்தாள். மூன்று வளையலும் உடைந்து, சத்தமே இல்லாமல், 9 ஹெச்.பி.யோடு. இரண்டாம் வாரம் அவளிடம் ஆசைப்பட்டு 50 பொற்காசு கடன் வாங்கியிருந்த திருடன் படகையே பார்த்துக்கொண்டிருந்தான். “டேய், அவளால பேச முடியாதுல்ல? அப்போ வட்டி ஓடுமா, ஓடாதா?”

அடுத்த ஞாயிறு வரை யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.